செபமும் வகுப்பறையும்: தமிழகக் கத்தோலிக்கப் பள்ளிகளில் வழிபாட்டுச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

சமயம் சார்ந்த கலைச்சொற்கள் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் உருவாகின்றன எனினும் அவை வழக்காக நிலைபெறுவது வேறிடங்களில் ஆகும். தமிழகக் கத்தோலிக்கரைப் பொறுத்தவரை அவ்விடங்களுள் தலையாயது உயர்நிலைப் பள்ளி. அதன் விடுதியும் வகுப்பறையும் கோயிலும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. விடியற்காலைப் பூசை, காலை வழிபாட்டுக் கூட்டம், நண்பகல் மணியோசைக்கு எழுந்து நின்று சொல்லும் திரிகால செபம், ஞானோபதேச வகுப்பு, மாலைச் செபமாலை, மாதந்தோறும் தலைவெள்ளி, ஆண்டுக்கு ஒருமுறை தியானம் என்று மாணவனின் நாளும் மாதமும் ஆண்டும் வழிபாட்டுச் சொற்களாலேயே வகுக்கப்பட்டிருந்தன.

1960களின் நடுப்பகுதி தொடங்கிச் சில ஆண்டுகளில் இச்சொற்களுள் பெரும்பாலானவை மாறின. பூசை திருப்பலியாயிற்று, திரிகால செபம் மூவேளைச் செபமாயிற்று, ஞானோபதேசம் மறைக்கல்வியாயிற்று. இம்மாற்றம் வடமொழிச் சொற்களை நீக்கித் தனித்தமிழ்ச் சொற்களை அமைத்த முயற்சி என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் முழுமையானதன்று. ஒரு வழிபாட்டுச் சொல் எவரெவரை ஒன்றாக நிறுத்துகிறது, எவரைப் புறத்தே நிறுத்துகிறது என்னும் வினாவே இவ்வரலாற்றின் மையம் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

2. குழந்தைகள்வழிப் பரவிய செபம்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார் அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் ஊர்களில் நடந்து சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்ததையும், கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அவர்களை ஏவியதையும் அவருடைய 1544ஆம் ஆண்டுக் கடிதம் தெரிவிக்கிறது. பள்ளிக் கட்டடம் எழும் முன்னரே கற்பித்தலின் திசை இவ்வாறு வரையறுக்கப்பட்டுவிட்டது. செபம் குழந்தையிடமிருந்து வீட்டிற்குச் செல்லும். இத்திசை பின்னர் நான்கு நூற்றாண்டுகளுக்கும் மாறவில்லை.

மொழிபெயர்ப்புச் சிக்கலும் அப்போதே தொடங்கியது. நம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் ஆளப்பட்டிருந்ததைச் சவேரியார் பின்னர் அறிந்தார். 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அது 'விரும்புகிறேன்' என்று பொருள்படும் என்றும் அதற்கு ஈடாக 'விசுவாசம்' என்னும் சொல்லை அமைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். மனப்பாடமாகிவிட்ட செபத்தில் ஒரு சொல்லை மாற்றுமாறு இடப்பட்ட கட்டளைகளுள் தமிழில் நாம் அறியும் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று.

1578இல் கொல்லத்தில் அன்றீக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்டது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. கடவுளைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் நாட்டு வழக்கையே அடிகளார் தலைப்பில் ஏற்றார். ஆனால் கோட்பாடு சார்ந்த இடங்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே நின்றன. பூசைக்கு 'மிசை', தூய ஆவிக்கு 'இஸ்பிரீத்து சாந்து', சிலுவைக்குக் 'குருசு' என்பன அக்காலக் கடற்கரை வழக்குகள். பொருள் திரிந்துவிடும் என்னும் அச்சமே இக்கடன்களுக்குக் காரணம். சொல் அயலதாக நின்றால் பழைய சமயப் பொருள் அதில் ஏறாது என்பது அக்கால மொழிபெயர்ப்பாளர் கொண்ட நிலைப்பாடு.

3. சருவேசுரன் வழக்கும் பள்ளியின் தோற்றமும்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656) இதற்கு எதிரான வழியைத் தேர்ந்தார். மதுரையின் கற்றோர் மதிக்கும் மொழியில் பேசினாலன்றித் தம் சமயம் அயலார் சமயமாகவே கருதப்படும் என்பது அவர் துணிபு. சருவேசுரன், வேதம், குரு, பூசை, ஞானஸ்நானம், ஞானோபதேசம் முதலிய சொற்கள் அவர் வழியே நிலைபெற்றன. பின்வந்த வீரமாமுனிவர் (1680–1747) இருநிலைகளிலும் எழுதினார். வேதியர்களுக்காக அவர் எழுதிய உரைநடை அன்றைய கிறித்தவ வழக்கைத் தழுவியது. 1726இல் நிறைவுற்ற 'தேம்பாவணி' என்னும் காப்பியமோ பெயர்ச்சொற்களையும் தமிழ்ப்படுத்தியது. அதில் சூசையப்பர் 'வளன்' ஆனார். இச்சொல்லின் பிற்காலப் பயணம் பின்னர்க் காட்டப்படும்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் குருக்கள் அரிதாயினர். வேதியர்களும் குடும்பங்களுமே செபங்களை வாய்மொழியாகக் காத்தனர். 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பணித்தளத்திற்கு வந்தபோது சருவேசுரன் வழக்கு மக்களின் நாவில் உறைந்திருந்தது. எனவே அதை மாற்றாமலே பள்ளிகளில் ஏற்றனர். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய சூசையப்பர் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. அதன் காலத்தை ஒட்டியும் அதன் பின்னரும் ஆண் துறவியரும் கன்னியரும் பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளிகளை நிறுவினர். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை வழிவகுத்த அரசு மானியம் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது. மானியத்தோடு பிற சமய மாணவரும் பெருந்தொகையினராய் வந்தனர். கத்தோலிக்கப் பள்ளி என்பது கத்தோலிக்கர் மட்டுமே கூடும் இடமாக இருந்ததில்லை என்பது இவ்வரலாற்றில் மறக்கலாகாத செய்தி.

4. பள்ளி வளாகத்தின் நால்வகை மொழி

சங்கத்திற்கு முற்பட்ட பள்ளி வளாகத்தில் மொழிகள் பயன்பாட்டிற்கேற்பப் பகுக்கப்பட்டிருந்தன. பூசை இலத்தீனில் நிகழ்ந்தது. பீடத்தில் உதவிய சிறுவர் மறுமொழிகளைப் பொருளறியாமலே ஒப்பித்தனர். செபமும் ஞானோபதேசமும் பழைய கிறித்தவத் தமிழில் அமைந்தன. பாடங்கள் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் நடைபெற்றன. விளையாட்டுத் திடலிலும் உணவுக்கூடத்திலும் அவ்வவ் வட்டார வழக்கு ஒலித்தது. அங்கே குரு 'சாமி', பள்ளிக்கு வெளியே 'பாதிரியார்', ஆங்கிலச் சூழலில் 'பாதர்'. விளிப்பெயரைக் கொண்டே மாணவனின் குடும்பச் சூழலை ஓரளவு கணிக்க இயலும்.

ஞானோபதேச வகுப்பின் பாடநூல் 'சின்னக் குறிப்பிடம்'. வினாவும் விடையுமாக அமைந்த இச்சிறுநூலைச் சொல் பிசகாமல் ஒப்பிப்பதே கற்றலாகக் கருதப்பட்டது. இம்முறை இன்று குறைகூறப்படினும் அதனால் விளைந்த ஒரு நன்மை குறிப்பிடத்தக்கது. எழுத்தறியாத பாட்டியும் பள்ளி இறுதி வகுப்பு மாணவனும் ஒரே சொற்றொடரை ஒரே ஏற்ற இறக்கத்துடன் சொல்ல முடிந்தது. 'தேவ திரவிய அனுமானங்கள்' என்னும் தொடரின் பகுதிகளைப் பிரித்துப் பொருள் கூற இருவராலும் இயலாது. ஆனால் அது எவ்வெவற்றைக் குறிக்கிறது என்பதை இருவரும் அறிவர்.

மாதா சபை, நற்கருணை வீரர் சபை ஆகியன மாணவரின் குழுவாழ்வை அமைத்தன. இவை கத்தோலிக்க மாணவர்க்கு மட்டும் உரியவை. ஞானோபதேச நேரத்தில் பிற சமய மாணவர் 'நீதிபோதனை' வகுப்பிற்குச் சென்றனர். ஒரே மணியோசைக்கு ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பிரிவின் இரு பக்கங்களுக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசின் ஏற்போ நிதியுதவியோ பெறும் நிறுவனங்களில் மாணவரின் இசைவின்றி, இளவராயின் பாதுகாவலரின் இசைவின்றி, சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்று இப்பிரிவிற்குச் சட்ட வடிவம் தந்தது.

ஒரே செபத்தைச் சொல்வதனாலேயே ஒரே சமூகம் உருவாகிவிடும் என்று கொள்வதற்கும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துள் சாதியாரைப் பிரித்துநின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதனால் வழக்கும் எழுந்தது. அதுவரை சுவரின் இருபுறத்தாரும் அதே செபங்களையே சொல்லிவந்தனர். இதே ஊரின் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் 1940களின் தொடக்கத்தில் பணியாற்றியபோதுதான் இலங்கையைச் சேர்ந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் (1913–1980) பண்டிதர் ஒருவரிடம் தமிழ் இலக்கியங்களை முறையாகக் கற்றார். உரோமையில் பயின்று திரும்பிய குரு ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் சங்க இலக்கியத்தைக் கண்டடைந்தார் என்பது தற்செயலன்று. பள்ளியின் தமிழாசிரியர்கள் பெரும்பாலும் கிறித்தவரல்லாத புலவர்கள். செபத் தமிழும் புலவர் தமிழும் நாள்தோறும் சந்தித்த இடமாகப் பள்ளி விளங்கியது.

5. சொல்மாற்றமும் அதன் இலக்கணமும்

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழி வழிபாட்டிற்கு இடமளித்தது. மக்கள் வாளா பார்த்துக்கொண்டிராமல் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என வலியுறுத்தியது. 1965இல் வந்த கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி விடுதலையும் அன்பும் நிலவும் சமூகமாக அமைய வேண்டும் என்றது. 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கிய து. ச. அமலோற்பவதாசு அடிகளாரும் (1932–1990), திண்டிவனத்தில் இயங்கிவரும் தமிழக நடுநிலையமும் புதிய மொழியைப் பாடநூல்கள் வழியாகப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றதில் பெரும்பங்கு வகித்தனர்.

சில சொற்களின் படிநிலைகள் வருமாறு:

மிசை – பூசை – திருப்பலி
தம்பிரான் – சருவேசுரன் – இறைவன், கடவுள்
இஸ்பிரீத்து சாந்து – பரிசுத்த ஆவி – தூய ஆவியார்
கும்பசாரம் – பாவசங்கீர்த்தனம் – ஒப்புரவு

மூன்றாம் நிலையில் மட்டும் புதிதாக அமைந்தவையும் பல: ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், அர்ச்சியசிஷ்டர் புனிதராகவும், மேற்றிராணியார் ஆயராகவும், சம்மனசு வானதூதராகவும், தேவ திரவிய அனுமானம் அருட்சாதனமாகவும் மாறின.

இவற்றைத் தனித்தமிழாக்கம் என்று மட்டும் கூறுவது பொருந்தாமைக்குச் சான்றுகள் உள. 'திருப்பலி'யில் உள்ள 'பலி' வடசொல். 'கோயில்' என்னும் தூய தமிழ்ச் சொல்லுக்கு மாற்றாக எழுத்து வழக்கில் 'ஆலயம்' பெருகியது. 'செபம்', 'செபமாலை' ஆகியன மாறவில்லை. 'நற்கருணை' மூலச்சொல்லின் உறுப்புகளை ஒட்டியமைந்த பழைய ஆக்கம், அதுவும் நிலைத்தது. சொற்பிறப்பு அன்று, சொல்லாக்க முறையே இம்மாற்றத்தின் அடிப்படை. திரு, அருள், மறை, இறை என்னும் நான்கு முன்னுறுப்புகள் ஒரு சொற்களத்தையே தோற்றுவித்தன. திருப்பலி, திருவிருந்து, திருச்சபை, திருத்தந்தை. அருட்சாதனம், அருட்சகோதரி, அருட்பொழிவு. மறைக்கல்வி, மறையுரை, மறைமாவட்டம், மறைசாட்சி. இறைவார்த்தை, இறைமக்கள், இறையாட்சி எனச் சொற்கள் குடும்பம் குடும்பமாகத் தோன்றின. ஒரு சொல்லை அறிந்த மாணவன் அடுத்த சொல்லின் பொருளை ஊகிக்க முடியும். ஒப்பித்தலை விடுத்து விளங்கிக்கொள்ளுதலை முதன்மைப்படுத்திய புதிய மறைக்கல்விக்கு இவ்வெளிப்படைத் தன்மை இன்றியமையாததாயிற்று.

வெளிப்படைத் தன்மைக்காக இலக்கணமும் விட்டுக்கொடுக்கப்பட்டது. 'அருள்' என்பதும் 'தந்தை' என்பதும் புணர்ந்தால் நன்னூல் விதிப்படி 'அருட்டந்தை' எனவரும். வழக்கில் நிலைத்ததோ 'அருட்தந்தை'. தமிழாசிரியர்கள் பிழையெனத் திருத்தினும், 'தந்தை' என்னும் சொல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்னும் தேவை புணர்ச்சி விதியை வென்றது.

பெயர்களைவிட வினைகளில் நிகழ்ந்த மாற்றம் ஆழமானது. முன்பு மாணவன் 'பூசை கண்டான்', 'நன்மை வாங்கினான்'. பிறகு அவன் 'திருப்பலியில் பங்கேற்றான்', 'திருவிருந்தில் பங்குபெற்றான்'. காண்பவன் பங்கேற்பவனாகவும், வாங்குபவன் பங்குபெறுபவனாகவும் ஆயினர். 'பாவசங்கீர்த்தனம் செய்தல்' பாவங்களை எடுத்துரைக்கும் செயலை முன்னிறுத்தியது. 'ஒப்புரவு' முறிந்த உறவு மீளப் பொருந்துவதை முன்னிறுத்துகிறது. சங்கத்தின் இறையியலை மாணவர் கட்டுரையாகப் படிக்கவில்லை. வினைச்சொற்களின் மாற்றத்தின் வழியே உள்வாங்கினர்.

முன்னிலை மதிப்பொருமையிலும் மாற்றம் உண்டு. பழைய செபங்களில் பரவலாக நின்ற 'தேவரீர்' அருகி 'நீர்' நிலைபெற்றது. நெல்லை, தூத்துக்குடி மாணவர்க்கு 'நீர்' வீட்டிலும் தெருவிலும் கேட்கும் சொல். சென்னை, கோவை மாணவர்க்கு அது செபத்திலும் பழைய நூல்களிலும் மட்டுமே வரும் சொல். ஒரே செபம் ஒரு வட்டாரத்தில் நெருக்கத்தையும் மற்றொன்றில் தொன்மையையும் உணர்த்துகிறது.

6. சேர்ந்தவரும் விலகியவரும்

புதிய சொற்களால் பள்ளிச் சமூகம் ஒரு திசையில் விரிந்தது. 'சருவேசுரன்' கத்தோலிக்கர்க்கே உரிய அடையாளச் சொல். காலை வழிபாட்டில் அது ஒலித்தபோது பிற சமய மாணவர் பிறர் செபத்தைக் கேட்டு நின்றனர். 'இறைவன்', 'கடவுள்', 'அருள்' ஆகியன சைவ, வைணவ மாணவரும் தம் வீட்டில் வழங்கும் சொற்கள்; இசுலாமிய மாணவர்க்கும் 'இறைவன்' அயலானதன்று. எனவே 'இறைவணக்கம்' என்னும் பொதுப்பெயரின்கீழ் அனைவரும் நிற்க முடிந்தது. 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்து அரசு ஏற்புப் பெற்றுப் பள்ளிகளில் பரவியபோது காலைக் கூட்டத்தில் சமயச் சொல்லும் மொழிச் சொல்லும் அடுத்தடுத்து ஒலித்தன. சீர்திருத்தச் சபையாரோடும் நெருக்கம் வளர்ந்தது. இரு திருச்சபை மரபினரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

மறுதிசையில் இழப்பும் நேர்ந்தது. சவேரியார் காலம்போலவே புதிய செபத்தை வீட்டிற்குக் கொண்டுவந்தவர்கள் குழந்தைகள். ஆனால் 1544இல் அவர்கள் கொண்டுவந்தபோது வீட்டில் வேறு கிறித்தவச் செபம் இல்லை, இப்போது இருந்தது. மாலைச் செபமாலையில் முன்பகுதியைப் பேரன் புதிய வாய்பாட்டிலும் பின்பகுதியைப் பாட்டி பழைய வாய்பாட்டிலும் சொல்லும் நிலை பல குடும்பங்களில் எழுந்தது. பாட்டிக்கு அது சொல்மாற்றம் அன்று. இறப்பு வேளையில் துணைநிற்கும் என்று வாழ்நாள் முழுதும் நாவில் பதித்துவைத்த வாய்பாடு கோயிலில் ஒலிக்காமல் போயிற்று. பொருள் விளங்காத செபம் என்று அறிஞர் விலக்கியது அவர்க்குப் பொருள் நிறைந்ததாகவே இருந்தது. வாய்மொழி மரபில் பொருள் என்பது சொல்லின் உறுப்புகளில் மட்டும் இல்லை, அதனைச் சேர்ந்து சொன்னவர்களின் நினைவிலும் உள்ளது.

இவ்விலகலை மிகத் தெளிவாகக் காட்டும் ஆவணம் பள்ளியின் வருகைப் பதிவேடு. அருளப்பன், சின்னப்பன், இராயப்பன், சூசை, ஞானப்பிரகாசம், சம்மனசு என்னும் பெயர்கள் அதில் வரிசையாக நின்றன. 'அருளப்பர்' என்பது யோவான் என்னும் பெயரின் பொருளையும், 'சின்னப்பர்' என்பது பவுல் என்னும் பெயரின் பொருளையும் தழுவிய பழைய ஆக்கங்கள். பொது மொழிபெயர்ப்பில் இரு மரபினரும் ஒத்துக்கொள்ளும் பொருட்டு யோவான், பவுல், பேதுரு என்னும் வடிவங்கள் ஏற்கப்பட்டன. சின்னப்பன் என்னும் மாணவன் மேடையேறி வாசித்த திருமுகத்தில் தன் பெயருக்குரிய புனிதரின் பெயரைக் காணவில்லை. ஒற்றுமைக்காக நிகழ்ந்த தேர்வில் தமிழ் ஆக்கம் விலகி ஒலிபெயர்ப்பு அமர்ந்தது என்பதும் தனித்தமிழாக்கம் என்னும் விளக்கத்தை மறுக்கிறது.

இதற்கு மாறானது சூசையப்பரின் நிலை. விவிலிய வாசகத்தில் அவர் 'யோசேப்பு'. திருச்சிக் கல்லூரியின் பெயரிலோ அவர் 'தூய வளனார்'. புதுமையாகத் தோன்றும் இவ்வடிவம் வீரமாமுனிவர் காப்பியத்தில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் உறங்கி, நிறுவனப் பெயரில் விழித்த பழஞ்சொல். பேச்சு வழக்கில் இன்றும் 'சூசையப்பர்' வாழ்கிறார். ஆக ஒரே புனிதர்க்கு வாசகத்தில் ஒன்று, பெயர்ப்பலகையில் ஒன்று, நாவில் ஒன்று என மூன்று பெயர்கள் உடனிலவுகின்றன. புதிய சொல் வந்தவுடன் பழைய சொல் மறைவதில்லை. அதற்குரிய இடம் சுருங்குகிறது. 'புது நன்மை'யும் 'தலைவெள்ளி'யும் 'பூசை'யும் குடும்பப் பேச்சில் தொடர்வது இதனாலேயே.

7. முடிவுரை

போர்த்துக்கீசியக் கடன்சொற்கள் கோட்பாட்டின் தூய்மையைக் காத்தன. மதுரையின் கற்றோர் செவிக்கு அவை எட்டவில்லை. சருவேசுரன் வழக்கு கற்றோர் அவையில் இடம் தேடித்தந்தது. காலப்போக்கில் அது எளியோரின் நாவிலும் குடியேறி அவர்தம் உடைமையாயிற்று. திருப்பலி வழக்கு வகுப்பறையில் அருகமர்ந்த பிற சமயத் தோழனையும் அடுத்த தெருச் சீர்திருத்தச் சபையாரையும் நெருங்கச் செய்தது. வீட்டிலிருந்த முதியவரைத் தொலைவில் நிறுத்தியது. மூன்று நிலைகளிலும் மொழிபெயர்ப்பாளர் தம் காலத்தின் உண்மையான தேவைக்கே விடையிறுத்தனர். மூன்று நிலைகளிலும் ஒரு சாரார் விடுபட்டனர்.

வழிபாட்டு மொழியைப் பெயர்ப்போர் மூலத்திற்கும் பெயர்ப்பிற்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தி. அச்சொல்லை எவரோடு சேர்ந்து, எத்தனை ஆண்டுகளாக மக்கள் சொல்லி வந்துள்ளனர் என்பதும் பொருளின் ஒரு கூறேயாகும். பழைய வாய்பாட்டை அறிந்த தலைமுறை அருகி வருகிறது. அவர்தம் செபங்களை ஒலிப்பதிவு செய்து, ஊர், சபை, பள்ளிவாரியாக வேறுபாடுகளைத் தொகுப்பது மொழியியலார் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணி. சின்னக் குறிப்பிடத்தின் பழைய பதிப்புகளும் பள்ளி வருகைப் பதிவேடுகளும் அப்பணிக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள். அவற்றையும் முதியோர் நாவில் எஞ்சியுள்ளவற்றையும் ஒப்பிட்டால் தமிழ்ச் சமயக் கலைச்சொற்களின் வரலாற்று அகராதி ஒன்று உருவாக வழி பிறக்கும்.